தைராய்டு ரிப்போர்ட்: அது ஆறு வாரக் கணக்கு!

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பயர் ஆபீஸுக்குள், அதாவது பட்டாசு ஆலைக்குள், மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை. வீட்டுக்குள் மருந்து என்றால் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. முதல் மருந்தில் அளவு பிசகினால் என்ன நடக்கும் என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று ஆலை வெடிவிபத்துகளில் அந்தப் பாடத்துக்கு உயிர்களையே விலையாகக் கொடுத்த ஊர்கள் இவை.

இரண்டாவது மருந்தில் அளவு பிசகினால் சத்தம் வராது. உடம்பு கனக்கும், முடி கொட்டும், மாதவிலக்கு தாறுமாறாகும், படியேறினால் மூச்சு வாங்கும். ‘வேலை அலுப்பு’ என்று நினைத்துக்கொண்டு மறுநாள் ஆலை வேனில் ஏறிவிடுவார்கள். தைராய்டு மாத்திரையைப் பற்றித்தான் சொல்கிறேன். 25, 50, 75, 100 என்று அந்தப் புட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பது மில்லிகிராம் கணக்கு கிடையாது, மைக்ரோகிராம். ஒரு கிராமில் 10 லட்சம் மைக்ரோகிராம். அவ்வளவு பொடி அளவில் ஓர் உடம்பின் சூடும் இதயத்துடிப்பும் உற்சாகமும் நிற்கின்றன.

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் 10.95 சதவீதம் பேருக்கு தைராய்டு சுரப்பு குறைவு இருப்பதைக் கண்டது. கிட்டத்தட்ட ஒன்பதில் ஒருவர். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நிறைய ஆள் ஏறினால், அதில் ஐந்தாறு பேருக்கு இந்தக் குறைவு இருக்கக்கூடும். அவர்களில் மாத்திரை போடுபவர்கள் பலர். தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

போர்மேனின் குரல்

தாளில் முதலில் பார்க்க வேண்டிய எழுத்து டி.எஸ்.ஹெச். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடமும் இதுதான். டி.எஸ்.ஹெச். 9 என்று வந்தால், “தைராய்டு கூடிருச்சு” என்கிறார்கள். கூடியதைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து, தாங்களாகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. உண்மை இதற்கு நேர் எதிர்.

டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியில், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை அது. பயர் ஆபீஸின் போர்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு போதவில்லை என்றால் அவர் குரல் உயரும். சரக்கு குவிந்துவிட்டால் அவர் வாயே திறக்கமாட்டார். உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும். ஹார்மோன் மிஞ்சினால் டி.எஸ்.ஹெச். இறங்கும். ஆகவே டி.எஸ்.ஹெச். 9 என்றால் ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். 0.05 என்றால் ஹார்மோன் அதிகம்.

டி-4 என்பது சரக்கு. தைராய்டு சுரப்பி செய்யும் முதன்மையான ஹார்மோன் அது. நாம் போடும் லெவோதைராக்சின் மாத்திரையும் அதே டி-4தான். போர்மேன் மிகவும் கூர்மையானவர். ரத்தத்தில் டி-4 இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.ஹெச். நூறு மடங்கு வரை மாறக்கூடும். அதனால்தான் மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க மருத்துவர்கள் டி.எஸ்.ஹெச்சை நம்புகிறார்கள். பெரும்பாலான லேப்களில் அதன் இயல்பு எல்லை 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரை. அந்த எல்லைக்குள் போன முறை 2.1, இந்த முறை 3 என்று வந்தால் கலங்க வேண்டியதில்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளிலேயே அது ஏறி இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் குறையும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

தீபாவளிக்குப் பிந்தைய ரிப்போர்ட்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் இந்தப் பகுதியில் யாருக்கும் நேரம் இருக்காது. பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். டெஸ்ட் எடுக்க அப்போதுதான் ஒழியும். அப்படி வரும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். லேபில் ரத்தம் எடுக்கும் தம்பியோடு நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“அக்கா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்கள்ல?”

“ஒரு வாரமா ஒரு நாள்கூட விடல தம்பி. டெஸ்டுல கரெக்டா வரணும்ல?”

“அதுக்கு முன்னாடி?”

“தீபாவளி வேலைல எங்க ஞாபகம் இருந்துச்சு? வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு போட்டிருப்பேன்.”

ரிப்போர்ட் வருகிறது. டி.எஸ்.ஹெச். 9.2, கொட்டை எழுத்தில். டி-4 சரியாக இருக்கிறது. ஒரே தாளில் ஒன்று ‘போதவில்லை’ என்கிறது, இன்னொன்று ‘போதும்’ என்கிறது. லேப் தப்பாகச் செய்துவிட்டதா?

இல்லை. இரண்டும் உண்மை சொல்கின்றன. டி-4 இன்று கையில் இருக்கும் காசு. டி.எஸ்.ஹெச். கடந்த ஆறு வாரத்துப் பேரேடு. டி-4 பாதியாகக் கரைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். புதிய அளவு உடம்பில் நிலைபெற ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதையும் பார்த்துவிட்டுத்தான் குரலை மாற்றும். கடைசி வாரம் ஒழுங்காகப் போட்டதால் டி-4 ஏறிவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களின் கடனை டி.எஸ்.ஹெச். இன்னும் சுமக்கிறது.

இதை மருத்துவரிடம் மறைத்தால் நடப்பது ஆபத்தானது. அக்கா போடும் 75 போதவில்லை என்று நினைத்து அவர் 100 எழுதுவார். ஆலை மூடியிருக்கும் நாட்களில் அந்த 100-ஐ ஒழுங்காகப் போடத் தொடங்கினால், மாத்திரை மிஞ்சும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். மாதக்கணக்கில் அப்படியே போனால், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். அக்காவுக்கு வேண்டியது கூடுதல் மாத்திரை இல்லை. அதே 75, தவறாமல் ஆறு வாரம், பிறகு மறுபடி ஒரு டெஸ்ட். “டாக்டர், நடுவுல விட்டுட்டேன்” என்ற ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றிவிடும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதற்காகக் கடிந்துகொள்ளாத சூழலை மருத்துவர்களும் தர வேண்டும்.

தாளில் வரும் ஐந்து கதைகள்

மாத்திரை போடுபவரின் ரிப்போர்ட்டை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

*டி.எஸ்.ஹெச். இயல்பு, டி-4 இயல்பு.* அளவு பொருந்திவிட்டது. இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். “நார்மல் ஆயிருச்சு, இனி எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மல். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றி எறிவோமா? குழந்தை பிறந்த பின் தற்காலிகமாக வரும் தைராய்டு கோளாறு போன்ற சில நிலைகளில் மாத்திரையை நிறுத்த முடியும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

*டி.எஸ்.ஹெச். அதிகம், டி-4 குறைவு.* ஹார்மோன் உடம்புக்குப் போதவில்லை. அளவு குறைவாக இருக்கலாம். மாத்திரை விட்டுப்போயிருக்கலாம். போட்ட மாத்திரை குடலில் சேராமல் போயிருக்கலாம்.

*டி.எஸ்.ஹெச். அதிகம், டி-4 இயல்பு அல்லது அதிகம்.* மேலே பார்த்த அக்காவின் கதை. மாத்திரை அளவை மாற்றி ஆறு வாரம் முடிவதற்குள் டெஸ்ட் எடுத்தாலும் இப்படி வரும்.

*டி.எஸ்.ஹெச். குறைவு, டி-4 இயல்பு அல்லது அதிகம்.* மாத்திரை மிஞ்சுகிறது என்ற எச்சரிக்கை. விதிவிலக்கு உண்டு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு டி.எஸ்.ஹெச்சை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருப்பார்கள். அவர்கள் தாளைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் குறைக்கக் கூடாது. முடி வளர என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.ஹெச்சைக் குறைவாகவும் டி-4-ஐ அதிகமாகவும் காட்டிவிடும். டெஸ்டுக்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

*டி.எஸ்.ஹெச். குறைவு அல்லது இயல்பு, டி-4 குறைவு.* இங்கே போர்மேனுக்கே உடம்பு சரியில்லை. பிட்யூட்டரி சுரப்பி பழுதானால் டி.எஸ்.ஹெச்சை நம்ப முடியாது, டி-4-ஐ வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போன பெண்களுக்கு இது வரக்கூடும். பல ஆண்டு கழித்துக்கூடத் தெரியவரும். பிரசவத்தில் அப்படி நடந்திருந்தால், தைராய்டு டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு நுணுக்கம். பல லேப்களின் ‘தைராய்டு ப்ரொஃபைல்’ தாளில் மொத்த டி-3, மொத்த டி-4, டி.எஸ்.ஹெச். என்று மூன்று இருக்கும். ரத்தத்தில் டி-4-இன் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது, தனித்து நிற்கும் சொற்ப அளவுதான் வேலை செய்கிறது. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அந்தப் புரதம் பெருகுவதால் மொத்த டி-4 ஏறித் தெரியும். அது நோய் இல்லை. அப்போது ‘ஃப்ரீ டி-4’ அல்லது கர்ப்ப காலத்துக்கென உள்ள எல்லைகளை வைத்துப் படிக்க வேண்டும். லெவோதைராக்சின் போடும் பெரும்பாலோருக்கு டி-3 பார்ப்பதால் அளவை முடிவுசெய்ய ஏதும் கிடைப்பதில்லை. ஒருமுறை பார்த்து உறுதியான தைராய்டு எதிரணு டெஸ்டை ஒவ்வொரு தடவையும் எடுக்கவும் தேவையில்லை. கூலி வாங்கும் கைக்கு அந்தப் பணம் பெரிது.

விடியற்காலை அரை மணி நேரம்

டெஸ்ட் எடுக்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். மாத்திரை போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் டி-4 சற்று எகிறும். அந்த நேரத்தில் ஊசி குத்தினால் அளவு அதிகம்போல் தெரியும். டி.எஸ்.ஹெச்சுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை, அந்தக் காலைக்கு மட்டும் மாத்திரையைத் தள்ளிப்போட்டால் போதும்.

மற்ற நாட்களில் கதை வேறு. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது. ஏழு மணிக்கு வேன் வந்து நிற்கும் வீட்டில் இது சுலபமில்லை என்று தெரியும். அடுப்பில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் டீ, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ். அந்த அவசரத்தில் மாத்திரையை டீயோடு விழுங்கிவிடுகிறார்கள். டீயும் காபியும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கின்றன. அதைவிட மோசம் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். தைராய்டு மாத்திரையை அவை குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று எரிச்சலுக்குப் போடும் சில மாத்திரைகளும் தடுக்கும்.

காலை சரிப்படவில்லை என்றால் இரவு போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது. மருத்துவரிடம் கேட்டு ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

புட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லெவோதைராக்சின் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது. சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டின் அலமாரி, அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜின் சூடான தலைப்பகுதி ஆகிய எதுவும் அதற்கு ஏற்ற இடமில்லை. புட்டியிலிருந்து மாற்றாமல், மூடியை இறுக்கி, வீட்டில் குளிர்ந்த இருட்டான மூலையில் வையுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது

மாத்திரை போடும் பெண் கர்ப்பம் தரித்தால், நாள் கடத்தக் கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியே நடக்கிறது. தேவை 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் டி.எஸ்.ஹெச்சை 2.5-க்குக் கீழ் வைக்கச் சொல்கிறது. பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். தைராய்டு மாத்திரை காலையில், அவை மதியமும் இரவும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குக் கணக்கு எதிர்ப்பக்கம். எழுபதைத் தாண்டியவருக்கு டி.எஸ்.ஹெச். 5, 6 என்று சற்று உயர்ந்திருந்தாலும் மருத்துவர் விட்டுப்பிடிப்பார். அதை இறக்கப்போய் இதயத்தைப் படுத்தக் கூடாது.

மருந்தாக இருந்த மருந்து

சிவகாசிக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. வண்ண மத்தாப்புகளிலும் வான வேடிக்கைகளிலும் சேரும் பெர்குளோரேட் உப்பு, தைராய்டு சுரப்பி ரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சும் வாசலை அடைக்கும் தன்மை உடையது. 1950-களில் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இதே பொட்டாசியம் பெர்குளோரேட்டை மருத்துவர்கள் மாத்திரையாகவே கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டுச் சிலர் இறந்ததால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இந்த ஊரின் இரண்டு ‘மருந்து’களும் ஒன்றாக இருந்த காலம் அது.

2013-ல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து சிவகாசி, மதுரை நீரில் பெர்குளோரேட்டின் அளவைச் சோதித்த ஆய்வு வெளியானது. சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது வைத்திருந்த வரம்பான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டின. மிக அதிகமான மாதிரியில் 7,690 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 70. மூன்று குழாய் நீர் மாதிரிகளில் 0.4-ஐக்கூட எட்டவில்லை. ஆலைகளை ஒட்டிய நிலத்தடி நீரில்தான் சிக்கல்.

அந்த ஆய்வு அளந்தது தண்ணீரை, மனிதர்களின் தைராய்டை அன்று. ஆகவே இங்கே ஒருவருக்குத் தைராய்டு வந்தால் பட்டாசுதான் காரணம் என்று முத்திரை குத்தக் கூடாது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான் சுரப்பு குறைவுக்கு முக்கியமான காரணம், அது எல்லா ஊரிலும் இருக்கிறது. மாத்திரை போடுபவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. மாத்திரையில் இருப்பது முழுதாகத் தயாரான ஹார்மோன். அயோடினை உறிஞ்சும் வாசலை அது கடக்கவே வேண்டியதில்லை. மீதமுள்ள சொந்தச் சுரப்பியை மட்டுமே பெர்குளோரேட் தொடும்.

கவலைப்பட வேண்டியது கர்ப்பிணிகளையும் அயோடின் குறைந்தவர்களையும் பற்றி. அயோடின் குறைந்த உடம்பில்தான் பெர்குளோரேட் எளிதாக ஜெயிக்கிறது. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களிலேயே மிகக் குறைவு. நாட்டுக்கே உப்பு விளைவிக்கும் தூத்துக்குடி பக்கத்தில் இருந்தும் இந்த நிலை. கல் உப்பே வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். ஆலைப் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் பெர்குளோரேட் போகாது, ஆர்.ஓ. வடிகட்டி நீக்கும். வேலை விட்டதும் கை, முகம் கழுவி, உடை மாற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

ஒரு டிக்

‘ஆயுசு முழுக்க மாத்திரையா?’ என்ற ஏக்கத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், தைராய்டு குன்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நம் கையில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு துல்லியமான மாத்திரை, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரை.

ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. தைராய்டு மாத்திரையும் அதே வழியில் திருத்தங்கலுக்கும் வெம்பக்கோட்டைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆலை முதலாளிகள் ஆண்டுக்கு ஒரு காலையை, கூலி பிடிக்காமல், ரத்தப் பரிசோதனைக்காக விட்டுத்தர வேண்டும். ஆலைப் பகுதிகளின் நிலத்தடி நீரை அரசு தொடர்ந்து சோதித்து, முடிவுகளை ஊர் மக்களுக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும்.

நம் பங்குக்கு ஒன்று. இந்தியா முழுவதும் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாகிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கும். மாத்திரை போட்ட நாளில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு டிக் போடுங்கள். விட்ட நாளை வெறுமையாகவே விடுங்கள். டெஸ்ட் முடிந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது லேப் தாளோடு கடைசி இரண்டு மாதத்து காலண்டர் தாளையும் கொண்டுபோங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்த ரிப்போர்ட் முழுமையாகும்.